தபாலில் வந்த வைத்தியம்

1734-ஆம் வருஷம் வசந்த காலத்தில் ஸ்காத்லாந்து தேசத்து வாலிபர் ஒருவர் ஒரு வைத்தியருக்கு மிக நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அந்த வைத்தியரோடு அவருக்குப் பழக்கமில்லை. தம்முடைய பெயரை வெளியிடவும் அவர் விரும்பவில்லை. வயது இன்னும் இருபத்து மூன்று நிரம்பவில்லை. ஆனால் அதற்குள் ஐந்து வருஷ காலமாக ஓர் இனந்தெரியாத வியாதியோடு போராடிக் களைத்துப் போயிருந்தார்.

கதையை அவர் ஆதியிலிருந்தே தொடங்குகிறார். பதினெட்டாம் பிராயத்தில் சிந்தனையின் புதிய வாயில் ஒன்று தமக்குத் திறந்ததாகவும், சட்டப் படிப்பை உதறிவிட்டு இரவு பகலாகத் தத்துவ நூல்களில் மூழ்கியதாகவும் சொல்கிறார். 1729-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்த ஆர்வமெல்லாம் திடீரென்று அணைந்துவிட்டது. சில மாதம் கழித்து விரல்களில் புள்ளிகள் தோன்றின. ஸ்கர்வி நோய் என்றார் உள்ளூர் வைத்தியர். பிறகு வாயில் ஓயாமல் நீர் ஊறிற்று. இதைக் கேட்டதும் வைத்தியர் சிரித்து, ‘உமக்கு வந்திருப்பது படித்தவர்களுக்கு வரும் வியாதி’ என்று கூறிவிட்டார். கசப்பு மருந்தும், நரம்புக்கான மாத்திரையும், தினம் ஒரு குப்பிச் சிவப்புத் திராட்சை மதுவும், எட்டுப் பத்து மைல் குதிரைச் சவாரியும் சிகிச்சையாக ஏற்பட்டன. அடுத்த வருஷம் அடங்காப் பசி பிடித்துக் கொண்டது. நெட்டையாய், எலும்புந்தோலுமாய் இருந்தவர் ஆறே வாரத்தில் கன்னம் சிவந்து கட்டுமஸ்தான ஆளாகிவிட்டார். பார்த்தவர்களெல்லாம் அவரைப் பாராட்டினார்கள். ஆனால் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு தொடர்ந்து சிந்திக்கும் சக்தி மட்டும் அவருக்குத் திரும்பவேயில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு அவர் கேட்பவை சில கேள்விகள்தாம். படித்தவர்களில் இப்படி அவதிப்பட்ட வேறு யாரையேனும் தாங்கள் அறிவீர்களா? நான் குணமடைவேன் என்று நம்பலாமா? அதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டுமா? குணம் பூரணமாக இருக்குமா?

எழுதியவர் டேவிட் ஹியூம். பிற்காலத்தில் ஐரோப்பியத் தத்துவ உலகத்தையே ஒரு குலுக்குக் குலுக்கியவர். கடிதத்தின் நகல் அவருடைய காகிதங்களிடையே இருந்து கிடைத்தது. எந்த வைத்தியருக்கு எழுதினார் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் ஒருமிக்கவில்லை. பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. எழுதிய கடிதத்தை அனுப்பினாரா என்பதற்குக் கூடச் சாட்சியம் இல்லை. எனினும் அதைப் படிக்கும்போது, பதில் வருவதற்கு முன்பே நோயாளிக்குப் பாதி ஆறுதல் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வருஷத் துன்பத்தை வரிசைப்படுத்தி ஒருவரிடம் சொல்லிவிட்டாரல்லவா?

ஹியூம் செய்தது விசித்திரமான காரியம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், எழுதப் படிக்கத் தெரிந்து கையில் நாலு காசும் உள்ள குடும்பங்களுக்கு அது சாதாரண வழக்கம். பேர்பெற்ற வைத்தியர்கள் லெய்டன், பாரிஸ், மான்பெலியே, லண்டன், எடின்பரோ போன்ற சில நகரங்களில்தான் இருந்தார்கள். நோயாளியோ நாட்டுப்புறத்தில், வண்டி குலுங்கும் பாதைகளுக்கு அப்பால் படுத்திருந்தான். நோயோடு அவன் நூறு மைல் பிரயாணம் செய்வதைக் காட்டிலும் நோயின் வரலாறு பிரயாணம் செய்வது எளிது. ஆகவே கடிதம் போயிற்று. கட்டணமும் கூடப் போயிற்று. பதிலும் மருந்துச் சீட்டும் திரும்பி வந்தன. லெய்டன் நகரத்து மகா வைத்தியர் போயர்ஹாவ் 1738-இல் காலமானார். சீன தேசத்து அதிகாரி ஒருவர் ‘ஐரோப்பாவிலுள்ள வைத்தியர் போயர்ஹாவ் அவர்களுக்கு’ என்று மட்டும் விலாசமிட்டு எழுதிய கடிதம் தவறாமல் அவர் கையில் சேர்ந்தது என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனாலும் அந்தக் காலத்து ஜனங்கள் வைத்தியரையும் தபாலையும் எப்படிச் சேர்த்து நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

நோயாளியைக் காணாமல் எப்படி வைத்தியம் செய்வது என்று நாம் கேட்போம். நம் நாட்டு வைத்தியர் முதலில் நீட்டச் சொல்வது கையை. நாடியைப் பிடித்துப் பாராமல் வியாதியைப் பற்றி வாய் திறப்பது அவருக்கு அழகல்ல. தபாலில் நாடியை அனுப்ப முடியுமா?

விடை இதுதான்: அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர் நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதே காரியத்தைத்தான் செய்தார். நாடி பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பார். மற்றபடி உடம்பைத் தொடுவது அபூர்வம். மார்பைத் தட்டிப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று அறியலாம் என வியன்னாவில் ஔயென்புருக்கர் என்ற வைத்தியர் 1761-இல் ஒரு சிறு புஸ்தகம் எழுதினார். அதை நெடுநாள்வரை பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. வைத்தியர் நம்பியது நோயாளியின் சொல்லை. எப்பொழுது தொடங்கிற்று, எங்கே வலிக்கிறது, என்ன சாப்பிட்டாய், எப்படித் தூங்கினாய், மனத்தில் என்ன கவலை என்று கேட்டுக் கேட்டு, அந்தக் கதையிலிருந்தே நோயை நிதானிப்பார். நேரில் கேட்ட கதையைக் கடிதத்தில் படித்தால் குறைவது என்ன? நாடியும் நாக்குந்தான். அவற்றையும் உள்ளூர் மருந்துக்கடைக்காரரோ, கொஞ்சம் கைப்பழக்கமுள்ள பாதிரியாரோ பார்த்து எழுதிவிடலாம்.

இப்படிக் கடிதத்தால் வைத்தியம் செய்தவர்களில் எடின்பரோ நகரத்து வில்லியம் கல்லன் தலைசிறந்தவர். அவர் பிறந்தது 1710-இல், காலமானது 1790-இல். கிளாஸ்கோவிலும் பிறகு எடின்பரோவிலும் சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்தவர். (ஓர் அதிசயம்: காற்றை நீக்கிய கலத்தில் ஈதரை ஆவியாக்கி, செயற்கை முறையில் குளிர் உண்டாக்கிக் காட்டியவரும் இவரே. நம் வீடுகளில் உள்ள குளிர்சாதனப் பெட்டியின் வம்சாவளி அந்தப் பரிசோதனை வரை போகிறது.) அவரிடம் படிக்க மாணவர்கள் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் படித்து முடித்துத் தத்தம் ஊர் சென்ற பின் தங்களுக்குப் புரியாத நோய் ஒன்றைக் கண்டால் பழைய வாத்தியாருக்குத்தான் எழுதினார்கள். நோயாளிகள் தாங்களே எழுதினார்கள். மனைவிக்காகக் கணவனும், மகனுக்காகத் தாயும் எழுதினார்கள். ஸ்காத்லாந்து, இங்கிலாந்து மாத்திரமன்றி வட அமெரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் கூடக் கடிதங்கள் வந்தன.

வந்த கடிதங்களைக் கல்லன் எறிந்துவிடவில்லை, எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார். அதைவிட மேலான காரியம், தாம் எழுதிய பதில்களுக்கும் நகல் வைத்துக் கொண்டார். ஆரம்பத்தில் எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு பதிலையும் புஸ்தகத்தில் பிரதி செய்வித்தார். 1780-இல் ஜேம்ஸ் வாட், ஆம், நீராவி யந்திரத்தைச் செம்மைப்படுத்திய அதே வாட், கடிதங்களை நகலெடுக்கும் யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தனி மையினால் கடிதம் எழுதி, அதன்மேல் ஈரமான மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தினால் மை அதில் ஊறிப் பதியும். எழுத்துக்கள் தலைமாறித் தோன்றும். காகிதம் மெல்லியதாகையால் மறுபுறத்திலிருந்து படித்துக் கொள்ளலாம். மறு வருஷமே எழுபது வயதைத் தாண்டிய கல்லன் அதை வாங்கி உபயோகிக்கத் தொடங்கிவிட்டார். புதுமை கண்டு அஞ்சாத கிழவர்!

இவ்விதம் சேர்ந்தவை 5,000-க்கு மேற்பட்ட கடிதங்கள். 1755 முதல் 1790 வரை முப்பத்தைந்து வருஷ காலத்து நோய்களும் அச்சங்களும் அவற்றில் அடங்கியிருக்கின்றன. எடின்பரோவிலுள்ள ராஜாங்க வைத்தியர் கழகம் அவற்றைக் காத்து வருகிறது. கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில் இவ்வளவு பெருந்தொகையாகக் கிடைப்பது அரிது. மற்ற இடங்களில் ஒருபக்கக் குரல்தான் கேட்கும். இங்கே இருவர் பேசிக் கொள்வதை நாம் ஒட்டுக் கேட்கலாம்.

என்ன மருந்து எழுதினார்? சிங்கோனாப் பட்டை, அபினி, வாந்தி மருந்து, பேதி மருந்து, தோலில் கொப்புளம் எழுப்பும் பற்று என்று அக்காலத்து ஆயுதங்களெல்லாம் அவர் கடிதங்களில் உண்டு. மருந்துக்கடைக்காரருக்கான சீட்டு லத்தீன் மொழியில் இருக்கும். ஆனால் கடிதத்தின் பெரும்பகுதியை அடைத்துக் கொள்வது மருந்தல்ல, பத்தியம். என்ன இறைச்சி, எவ்வளவு பால், மது உண்டா இல்லையா, உடம்போடு ஒட்டிக் கம்பளித் துணி உடுத்த வேண்டுமா, காலையில் எத்தனை மணிக்கு எழவேண்டும், எவ்வளவு தூரம் சவாரி செய்ய வேண்டும் என்று பாட்டி சொல்வது போல விவரமாய்ச் சொல்வார்.

குதிரைச் சவாரியில் கல்லனுக்கு அபார நம்பிக்கை. 1760-ஆம் வருஷம் கோடையில் தம் நண்பர் ஒருவர் உடல் நலிந்திருப்பதைக் கண்டு, வரும் குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடிருக்க விரும்பினால் செப்டம்பர் தொடக்கத்திற்குள் ஐந்நூறு மைலாவது குதிரையில் சுற்றியாக வேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நண்பர் பொருளாதார சாஸ்திரத்தின் தந்தையாகிய ஆடம் ஸ்மித். இது தபாலில் சொன்னதன்று, நேரில் சொன்னது. ஆனால் நமக்குத் தெரிய வந்ததென்னவோ ஸ்மித் எழுதிய ஒரு கடிதத்தின் மூலமாகத்தான். ஸ்மித் அந்தக் குளிர்காலத்தை மட்டுமல்ல, இன்னும் முப்பது வருஷத்தையும் தாண்டினார். வைத்தியர் இறந்த அதே 1790-இல்தான் அவரும் இறந்தார். குதிரை காப்பாற்றிற்றா, காலம் காப்பாற்றிற்றா என்று யார் சொல்வது?

தூரத்திலிருந்து வைத்தியம் செய்ததில் ஒரு நன்மையும் இருந்ததென்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் கட்டிலருகே நின்ற வைத்தியரின் கையில் கத்தி இருந்தது. காய்ச்சலென்றால் இரத்தம் எடுப்பார், தணியாவிட்டால் மறுபடியும் எடுப்பார். இருநூறு மைலுக்கு அப்பாலிருப்பவர் அப்படித் துணிந்து உத்தரவிட முடியுமா? பதில் போய்ச் சேரும்போது நோயாளி எந்த நிலையில் இருப்பானோ! ஆகவே அவர் உணவு, உறக்கம், நடை, காற்று என்று நெடுநாளைக்குச் செல்லும் யோசனைகளையே அதிகம் கூற நேர்ந்தது. கொல்லுகிற வேகமுள்ள மருந்தைவிட இவை மேல்.

நமக்கும் இந்தப் பாணி அந்நியமானதன்று. காந்தியடிகள் வைத்தியரல்லர், எனினும் ராஜ்ய விவகாரங்களுக்கிடையே ஆசிரமவாசிகளுக்கும் நண்பர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்களைப் புரட்டினால், மண்பட்டி போடு, இடுப்புக் குளியல் செய், பருப்பை நிறுத்து, மலம் எப்படிப் போகிறதென்று தவறாமல் எழுது என்று பக்கத்துக்குப் பக்கம் காணலாம். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் ஆரோக்கியத்தைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதியவர், 1942-இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்த போதும் அதே விஷயத்தைப் பற்றி நூல் எழுத உட்கார்ந்தார். கல்லன் அவரைக் கண்டிருந்தால் மதுவைத் தவிர மற்றவற்றில் இருவரும் எளிதில் ஒத்துப் போயிருப்பார்கள்.

கடிதத்தால் வைத்தியம் நடக்க வேண்டுமானால் நோயாளிக்கு எழுதத் தெரிந்திருந்தால் போதாது. எதை எழுத வேண்டுமென்று தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு நாங்கள் கற்பிக்கும் வியாதிக் கடிதம் ஒன்றுதான். ‘எனக்குக் கடுமையான ஜுரமாயிருப்பதால்’ என்று தொடங்கி ‘ஒரு நாள் விடுமுறை அளிக்குமாறு’ என்று முடியும். தலைமுறை தலைமுறையாக அந்த ஜுரம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இதைக் கொண்டு எந்த வைத்தியரும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் குறையை நன்றாக உணர்ந்தவர் ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்தில் இருந்த வைத்தியர் திஸ்ஸோ. 1761-இல் அவர் சாமானிய ஜனங்களின் ஆரோக்கியத்திற்காகப் பிரெஞ்சு மொழியில் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அது பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் பரவிற்று. அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் கேள்விகள். வைத்தியரிடம் யோசனை கேட்கப் புகுமுன் நோயாளி இவற்றிற்கு விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. வயது என்ன? முன்பு ஆரோக்கியமாயிருந்தவரா? எப்படிப்பட்ட வாழ்க்கை நடத்தினவர்? நோய் எத்தனை நாளாய், எப்படித் தொடங்கிற்று? காய்ச்சல் உண்டா? நாடி கடினமா, மெதுவா? தூக்கம், பசி, தாகம் எப்படி? எங்கே வலி? என்ன மருந்து சாப்பிட்டாயிற்று? ஸ்திரீகளுக்கென்று சில கேள்விகள், குழந்தைகளுக்கென்று சில. பல் முளைக்கிறதா, பூச்சி உண்டா என்பவை.

திஸ்ஸோவுக்கு வந்த கடிதங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை லோஸானில் இன்றும் இருக்கின்றன. பிரபுக்களும் பிரபுக்களின் மனைவியரும் எழுதியிருக்கிறார்கள். பாதிரிமாரும் பட்டாள உத்தியோகஸ்தர்களும் எழுதியிருக்கிறார்கள். வெளியில் சொல்ல நாணும் நோயுள்ளவர்களுக்குக் கடிதம் பெரிய வரப்பிரசாதம். உள்ளூர் வைத்தியரின் முகத்தைத் தினமும் தெருவில் பார்க்க வேண்டும். லோஸான் வைத்தியர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காகிதத்துக்கு வெட்கம் கிடையாது.

கடிதமுறையின் பலவீனத்தைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. அதில் நோயாளி, ஆங்கில அகராதி இயற்றிய ஸாமுவேல் ஜான்ஸன்.

ஜான்ஸன் தம் வியாதிகளைத் தாமே கூர்ந்து நோக்கியவர். 1783-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் பின்னிரவில் விழித்தார். தலையில் ஏதோ குழப்பம். உடம்பை என்ன செய்தாலும் அறிவை மட்டும் விட்டுவை என்று கடவுளை வேண்டினார். பிறகு அறிவு இருக்கிறதா என்று சோதிக்க, அந்த வேண்டுதலையே லத்தீனில் செய்யுளாக அமைத்துப் பார்த்தார். செய்யுள் சுமாராகத்தான் அமைந்தது. ஆனால் சுமார் என்று தமக்குத் தெரிகிறதே, ஆகையால் அறிவு பழுதுபடவில்லை என்று தேறினார்! அதன் பிறகுதான் பேச்சுப் போய்விட்டது என்று கண்டார். பாரிசவாதம். வாய் மூடிவிட்டதால் காகிதத்தை எடுத்தார். கை தான் நினைத்த எழுத்தை விட்டு வேறு எழுத்தைப் போட்டது. ஆயினும் அண்டை வீட்டு நண்பருக்குச் சீட்டு எழுதி அனுப்பி, டாக்டர் ஹெபர்டனையும் டாக்டர் ப்ராக்ல்ஸ்பியையும் வரவழைத்துக் கொண்டார். இவையனைத்தும் இரண்டு நாள் கழித்து அவரே ஒரு சிநேகிதிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றன.

பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் இரைப்பு அதிகமாகி, உடம்பில் நீர் கோத்து வீங்கிற்று. எழுபத்து நாலு வயதுக் கிழவர் வீட்டை விட்டு வெளியேற முடியாமல் அடைபட்டுக் கிடந்தார். 1784 மார்ச் ஆரம்பத்தில் எடின்பரோவிலிருந்த நண்பர் பாஸ்வெலுக்கு, உங்கள் ஊர் வைத்தியர்களிடம் என் நிலைமையைச் சொல்லிக் கேளும் என்று எழுதினார். பாஸ்வெல் உடனே அந்நகரத்து மூன்று பேராசிரியர்களாகிய கல்லன், ஹோப், மன்றோ ஆகியோருக்கு நோயின் விவரங்களை எழுதியனுப்பினார். கல்லன் 1773-இல் ஜான்ஸன் எடின்பரோ வந்திருந்தபோது அவரோடு ஒரு மாலை உரையாடியிருக்கிறார், அவ்வளவே பழக்கம். மூவரும் மிகுந்த மரியாதையோடும் பரிவோடும் பதில் எழுதினார்கள். இன்னொரு வயோதிக வைத்தியர், ஸர் அலெக்ஸாண்டர் டிக், தம் தோட்டத்தில் பயிரிட்டு அதற்காகப் பதக்கமும் பெற்றிருந்த ரேவல்சின்னிக் கிழங்கையே தருவதாகச் சொன்னார்.

நாலு பேர் யோசித்து எழுதிய இந்த ஆலோசனைகளெல்லாம் லண்டனை நோக்கிப் புறப்பட்ட சமயத்தில் நோயாளியின் நிலை என்ன? கோத்த நீர் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிட்டது! மார்ச் மாதம் பதினெட்டாந் தேதி அவரே மகிழ்ச்சியோடு அதைப் பாஸ்வெலுக்கு எழுதியிருக்கிறார். கடிதம் நடந்து போயிற்று. நோய் அதற்குள் ஓடிவிட்டது. ஆனால் போன நோய் திரும்பி வந்தது. அதே வருஷம் டிசம்பர் 13-ந் தேதி ஜான்ஸன் காலமானார். மறு வருஷம், 1785-இல், வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், இத்தகைய நீர்வீக்கத்துக்கு ஒருவகைக் காட்டுப்பூச்செடியின் இலை மருந்தாகும் என்று தம் பத்து வருஷ அனுபவத்தை நூலாக வெளியிட்டார். டிஜிடாலிஸ் என்று இன்று வைத்தியர்கள் அறியும் மருந்து அது.

ஜான்ஸனுக்கு வைத்தியம் பார்த்த ஹெபர்டனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நடக்கும்போது, முக்கியமாக மேடேறும்போதும் உணவுக்குப் பின் நடக்கும்போதும், மார்பில் இறுக்கிப் பிடித்து உயிரே போவது போல் வலிக்கும். நின்றவுடன் வலி மறையும். இந்த நோயைத் தனியாகப் பிரித்து முதன்முதல் தெளிவாக வருணித்துப் பெயரிட்டவர் அவரே. அந்தக் கட்டுரை லண்டன் வைத்தியர் கழகத்தில் 1768-இல் படிக்கப்பட்டு 1772-இல் அச்சாயிற்று. ஒரு பத்திரிகை அதிலிருந்து சில பகுதிகளை எடுத்து வெளியிட்டது.

அதைப் படித்த ஒருவர் 1772 ஏப்ரல் மாதத்தில் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். வயது ஐம்பத்திரண்டு என்றார், பெயரைச் சொல்லவில்லை. தாங்கள் வருணித்த நோய் எனக்கு இருக்கிறது என்று தொடங்கி, எப்போது வருகிறது, எப்படித் தணிகிறது என்று நிதானமாக விவரித்தார். சில சமயம் உடம்பின் இயக்கமெல்லாம் மூன்று நாலு விநாடி நின்று போவது போலவும், பிறகு நெஞ்சில் ஓர் அதிர்ச்சியோடு மறுபடி தொடங்குவது போலவும் தோன்றுகிறது என்றார். எழுதியவர் மருந்து கேட்கவில்லை. தாம் திடீரென்று இறக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பதாகவும், அப்படி நேர்ந்தால் தம் உடலை அறுத்துப் பார்க்க ஏற்பாடு செய்திருப்பதாகவும், அதனால் மற்றவர்களுக்கு நன்மை உண்டாகலாம் என்றுமே எழுதியிருந்தார்.

மூன்று வாரத்துக்குள் அவர் இறந்துவிட்டார். சொன்னபடியே செய்தி ஹெபர்டனுக்கு வந்தது. அக்காலத்து ஒப்பற்ற ரணசிகிச்சை நிபுணர் ஜான் ஹண்டர் உடலை அறுத்துப் பார்த்தார். மரணத்தை விளக்கத்தக்க காரணம் ஒன்றும் புலப்படவில்லை. இருதயத்துக்கே இரத்தம் கொண்டு போகும் சிறு குழாய்களை அவர்கள் ஆராயவில்லை. நோய் அங்கேதான் இருக்கிறதென்று அப்போது யாருக்கும் தெரியாது. கத்தி காணத் தவறியதை அந்தப் பெயரில்லாத மனிதரின் பேனா உள்ளிருந்தே எழுதி வைத்துவிட்டது. ஹெபர்டன் அந்தக் கடிதத்தைப் பின்னர் அச்சிட்டு வெளியிட்டார்.

1816-இல் பாரிஸ் நகரத்து நெக்கர் ஆஸ்பத்திரியில் லாயென்னெக் என்ற வைத்தியரிடம் இருதய நோயுள்ள இளம்பெண் ஒருத்தி வந்தாள். அவள் உடல் பருமனாயிருந்ததால் கையால் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை; மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையன்று. லாயென்னெக் பக்கத்திலிருந்த காகிதக் கட்டை எடுத்தார். அதில் ஒன்றும் எழுதவில்லை. குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இருதயம் அடிக்கும் ஓசை முன்னெப்போதும் கேளாத தெளிவோடு கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். அதன் பின் வெப்பமானி வந்தது, 1895-இல் எக்ஸ்ரே வந்தது. நோயாளி வாய் திறவாவிட்டாலும் அவன் உடம்பு பேசத் தொடங்கிற்று. தபாலில் மார்பை அனுப்ப முடியாதாகையால் கடித வைத்தியம் கௌரவம் குன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆஸ்பத்திரியே எல்லாமாயிற்று.

அதனால் நேர்ந்த லாபம் கணக்கில் அடங்காது. கல்லனின் நோயாளிகளில் எத்தனை பேர் இன்று பத்து நாள் மருந்தில் எழுந்து நடந்திருப்பார்கள்! பழைய காலமே பொற்காலம் என்று பேசுவோருடன் நான் சேரமாட்டேன். ஆயினும் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து, உள்ளே போய் ‘எனக்கு முதலில்...’ என்று ஆரம்பிக்குமுன் பரிசோதனைச் சீட்டு கையில் திணிக்கப்பட்டு வெளியே வந்தவர்கள், ஹியூமின் கடிதத்தைப் படித்தால் கொஞ்சம் பொறாமைப்படுவார்கள். 2020-ஆம் வருஷம் கொள்ளைநோய் பரவிக் கதவுகள் அடைபட்டபோது, வைத்தியர்கள் தொலைபேசியிலேயே சிகிச்சை கூற வேண்டி வந்தது. மார்பில் குழலை வைக்க வழியில்லை. எத்தனை நாளாய்க் காய்ச்சல், தூக்கம் உண்டா, பசி உண்டா, மூச்சு வாங்குகிறதா, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். திஸ்ஸோவின் அத்தியாயத்தில் உள்ள கேள்விகளே அவை.

ஹெபர்டனுக்கு எழுதியவரின் மார்வலி இருக்கிறதே, அதற்கு இன்று யந்திரங்கள் பல உண்டு. இருதயத்தின் குழாய்களையே படம் பிடித்துவிடலாம். எனினும் அந்தப் படம் எடுக்க வேண்டுமா என்று தீர்மானிக்க வைத்தியர் முதலில் செய்வது, நோயாளியை உட்கார வைத்து, வலி எங்கே, நடக்கும்போது வருகிறதா, நின்றால் தணிகிறதா என்று கேட்பதுதான்.